தோட்டத்தில் ரெயில் விட்ட சீமான்
சர் ஆர்தர் ஹேவுட்டின் வாழ்க்கை

வீட்டுத் தோட்டத்தில் என்ன வைப்பார்கள்? பூச்செடி வைப்பார்கள். காய்கறி போடுவார்கள். வசதி உள்ளவர்கள் ஊஞ்சல் கட்டுவார்கள்.

இங்கிலாந்தில் ஒரு சீமான் தன் தோட்டத்தில் ரெயில் விட்டார்!

அது பொம்மை ரெயில் அல்ல. நிலக்கரி போட்டு, நீராவியால் ஓடிய உண்மையான ரெயில். அதற்குச் சுரங்கப் பாதைகள் இருந்தன. பாலம் இருந்தது. கைகாட்டி மரம் இருந்தது. மனிதர்கள் உள்ளே ஏறி உட்காரும் பெட்டிகள் இருந்தன. சாப்பிட ஒரு பெட்டி, படுத்துத் தூங்க ஒரு பெட்டி!

ஆனால் தண்டவாளத்தின் அகலம் எவ்வளவு தெரியுமா? பதினைந்தே அங்குலம். அதாவது ஒன்றேகால் அடி.

இந்த அதிசய ரெயிலைத் தம் கையாலேயே செய்தவர் சர் ஆர்தர் ஹேவுட். அவருடைய கதை, பிடிவாதமான ஓர் உழைப்பாளியின் கதை.

பாங்கிக் குடும்பம்

1849-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் நாளில், ஆர்தர் ஹேவுட் பிறந்தார். அவருடைய பாட்டனார் சர் பெஞ்சமின் ஹேவுட், மான்செஸ்டர் நகரில் பெரிய பாங்கி நடத்தியவர். 'பாரனெட்' என்ற பரம்பரைப் பட்டம் பெற்றவர். பாட்டனாருக்குப் பின் தந்தைக்கும், தந்தைக்குப் பின் மூத்த மகனுக்கும் அந்தப் பட்டம் வரும்.

ஆர்தரின் தந்தை ஸ்டாபோர்டுஷையர் ஜில்லாவில் 'டவ் லீஸ்' என்ற இடத்தில் பெரிய வீட்டில் வாழ்ந்தார். அவருக்கு உலோக வேலையில் ஆசை அதிகம். ஓய்வு நேரத்தில் பட்டறையில் ஏதாவது செய்துகொண்டிருப்பார். சிறுவன் ஆர்தர் தந்தையின் பக்கத்திலேயே நிற்பான். அரம் பிடிக்கவும், இரும்பைக் கடையவும், திருகாணி முடுக்கவும் அப்படித்தான் கற்றுக்கொண்டான்.

முதலில் நாலு அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன நீராவி என்ஜின் ஒன்றைச் செய்தான். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் தம்பி தங்கைகளுக்கு அது போதவில்லை. வேடிக்கை பார்த்தால் மட்டும் போதுமா? ஏறிப் போக வேண்டாமா?

ஆகவே, ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு பாதை போட்டான். அதில் குழந்தைகளை ஏற்றி இழுத்தான். குழந்தைகளுக்கு ஒரே கும்மாளம்.

ஆனால் ஆர்தருக்குத் திருப்தி இல்லை. ஒரு குழந்தை சற்றுச் சாய்ந்தாலும் வண்டியும் சாய்ந்தது. ஒன்பது அங்குலத்தில் ஆள் ஏறுவது ஆபத்து என்று கண்டான். அப்படியானால் எத்தனை அங்குலம் இருந்தால் ஆபத்து இல்லை? இந்தக் கேள்வி அவன் மனதில் முளைத்தது. அவனுடைய வாழ்க்கை முழுவதையும் அந்தக் கேள்வியே இழுத்துச் சென்றது.

சீமான் வீட்டுப் பிள்ளை வேலை செய்யலாமா?

ஆர்தர் ஈட்டன் பள்ளியில் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் இருக்கும்போது ரெயில்வே என்ஜின் டிரைவர்களோடு சிநேகம் பிடித்தார். புகையும் கரியும் மேலே படிய, அவர்களோடு என்ஜினில் நின்று பயணம் செய்தார். 1872-ல் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றார்.

அவ்வளவு ஆசை உள்ளவர் என்ஜினீயராக வேலைக்குப் போக வேண்டியதுதானே?

அங்கேதான் தடை. அந்தக் காலத்து இங்கிலாந்தில், பட்டத்துக்கு உரிய மூத்த பிள்ளை சம்பளத்துக்கு வேலை பார்ப்பது வழக்கம் இல்லை. சொத்தைப் பார்த்துக்கொள்ளலாம். வேட்டைக்குப் போகலாம். பட்டறையில் எண்ணெய்ச் சட்டையோடு நிற்பது கௌரவக் குறைவு என்று நினைத்தார்கள்.

ஆர்தர் சம்பளத்துக்குப் போகவில்லை. ஆனால் எண்ணெய்ச் சட்டையையும் விடவில்லை!

1872-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் மார்கரெட் எபி. அவருக்கு உறவுப் பெண். மணமகளின் தாயார் மேரி சம்னர், பின்னாளில் 'தாய்மார் சங்கம்' என்ற பெரிய சங்கத்தைத் தோற்றுவித்துப் புகழ் பெற்றவர். தம்பதிகள் டெர்பி நகரத்துக்கு அருகே, 'டபீல்டு பாங்க்' என்ற இடத்தில் குடியேறினார்கள்.

டெர்பி, ரெயில்வேக்காரர்கள் நிறைந்த ஊர். மிட்லண்டு ரெயில்வே கம்பெனியின் தலைமையிடம் அதுதான். ஆர்தருடைய வீடோ ஒரு குன்றின் சரிவில் இருந்தது. மேலே பழைய கல் குவாரி. வேறு யாராக இருந்தாலும், ரெயில் போட இது இடமா என்று கேட்டிருப்பார்கள். ஆர்தருக்கு அந்த மேடு பள்ளம்தான் பிடித்தது. கஷ்டமான இடத்தில் ஓடுகிற ரெயில், எந்த இடத்திலும் ஓடும் அல்லவா?

ஏன் பதினைந்து அங்குலம்?

1874-ல் அவர் வேலையைத் தொடங்கினார். அவருடைய நோக்கம் விளையாட்டு அல்ல.

அந்தக் காலத்தில் மோட்டார் லாரி கிடையாது. பெரிய பண்ணைகளிலும், கல் குவாரிகளிலும், செங்கல் சூளைகளிலும் சரக்கை மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான் இழுத்தன. மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் சேற்றில் புதைந்துவிடும். போர்க்களத்தில் பட்டாளத்துக்குச் சாமான் கொண்டுபோவதற்கும் இதே கஷ்டம். அப்படிப்பட்ட இடங்களில் பெரிய ரெயில் போட்டால் செலவு கட்டாது. ஆகவே, எவ்வளவு சின்ன ரெயில் போட்டால் வேலையும் நடக்கும், செலவும் குறையும், ஆபத்தும் வராது என்று கண்டுபிடிக்க அவர் விரும்பினார். ஒன்பது அங்குலம் குறைவு என்று முன்பே தெரியும். பதினைந்து அங்குலம் போதும் என்று முடிவு செய்தார்.

குன்றின் அடிவாரத்திலிருந்து மேலே குவாரி வரை பாதை ஏறியது. பத்துப் பன்னிரண்டு அடி தூரம் போனால் ஓர் அடி ஏற்றம்! பெரிய ரெயிலில் நினைத்துப் பார்க்க முடியாத செங்குத்து. மேலே போனதும் பாதை வளைந்து வளைந்து ஓடியது. மொத்த நீளம் சுமார் ஒரு மைல். அதற்குள் மூன்று சுரங்கப் பாதைகள். ஒரு பள்ளத்தைத் தாண்ட, இருபது அடி உயரத்தில், 91 அடி நீளத்தில் மரப் பாலம். சில வளைவுகள் மிகவும் சிறியவை. ஐம்பது அடி குறுக்களவுள்ள வட்டத்துக்குள் ரெயில் திரும்பிவிடும்.

வளைந்து போகும் என்ஜின்

1875-ல் முதல் என்ஜின் தயார் ஆயிற்று. அதற்குத் தம் மனைவியின் பெயரையே வைத்தார்: 'எபி'. அதற்கு நாலு சக்கரங்கள்.

நாலு சக்கர என்ஜின் சிறிய வளைவில் திரும்பிவிடும். ஆனால் மேட்டில் அதிகச் சுமை இழுக்க வேண்டுமானால் சக்கரங்கள் கூடவேண்டும். சக்கரங்கள் கூடினால் என்ஜின் நீளும். நீளமான என்ஜின் வளைவில் திரும்பாது; தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். இதற்கு என்ன வழி?

ஆர்தர் யோசித்து ஒரு வழி கண்டார். அச்சுக்கு மேல் குழாய் போன்ற இன்னோர் அச்சை மாட்டினார். சக்கரங்களைக் குழாய் அச்சில் பொருத்தினார். உள் அச்சு சுழலும்போது குழாய் அச்சும் சேர்ந்து சுழலும். அதே சமயத்தில், வளைவு வந்தால் குழாய் அச்சு இப்படியும் அப்படியும் சற்றுத் திரும்பிக்கொடுக்கும். இதனால் ஆறு சக்கரங்களும் இழுக்கும். வளைவிலும் வழுவாமல் திரும்பும்.

இந்த முறையில் 1881-ல் 'எல்லா' என்ற ஆறு சக்கர என்ஜினைச் செய்தார். 1894-ல் 'மியூரியல்' என்ற எட்டுச் சக்கர என்ஜினைச் செய்தார். எல்லாவும் மியூரியலும் அவருடைய பெண்களின் பெயர்கள். வீட்டுப் பெண்களின் பெயரைத் தாங்கிய என்ஜின்கள் தோட்டத்தைச் சுற்றிக் கூவிக்கொண்டு ஓடின.

உள்ளே உட்காரும் பெட்டி

என்ஜின் செய்வதைக் காட்டிலும் பெட்டி செய்வது சுலபம் என்று தோன்றும். அப்படி இல்லை.

பெரிய ரெயிலில் பெட்டி கனமானது. உள்ளே இருக்கும் மனிதர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சின்ன ரெயிலில் பெட்டியும் இலேசு. நாலு பேர் ஒரே பக்கமாக எட்டிப் பார்த்தால் பெட்டி குடை சாய்ந்துவிடலாம். பெட்டியைக் குறுக்கினால் மனிதர்கள் உட்கார முடியாது. பெட்டியை அகலமாக்கினால் சாய்ந்துவிடும் என்ற பயம். இதுதான் சிக்கல்.

ஆர்தர் செய்தது என்ன? பெட்டியின் தளத்தைத் தாழ்வாக வைத்தார். பாரம் எவ்வளவுக்கு எவ்வளவு தரையை ஒட்டி இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு வண்டி நிலையாக நிற்கும். தலைச்சுமை வைத்த வண்டி சாயும். அடியில் பாரம் ஏற்றிய வண்டி சாயாது. இது வண்டிக்காரனுக்குத் தெரிந்த உண்மைதான். இப்படிச் செய்ததால், தண்டவாளத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் அகலமான பெட்டியை அவரால் ஓட்ட முடிந்தது.

அடுத்தது நீளம். நீளமான பெட்டி வளைவில் திரும்ப வேண்டுமே! அதற்காகப் பெட்டியின் இரண்டு முனைகளிலும் தனித்தனியே ஒரு குட்டி வண்டியை வைத்தார். ஒவ்வொரு குட்டி வண்டிக்கும் நாலு சின்னச் சக்கரங்கள். நடுவில் ஒரு முளை. அந்த முளையின் மேல் பெட்டி உட்கார்ந்திருக்கும். வளைவு வந்தால் குட்டி வண்டிகள் தண்டவாளத்தோடு திரும்பும். மேலே பெட்டி அமைதியாகப் பின்தொடரும்.

இப்படிப் பதினாறு பேர் உட்காரும் நீளப் பெட்டிகளைச் செய்தார். பிறகு, எல்லோரும் மூக்கின்மேல் விரலை வைக்கும்படி இரண்டு பெட்டிகளைச் செய்தார். ஒன்று சாப்பாட்டுப் பெட்டி. அதில் எட்டுப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம். சமைக்க அடுப்பும் அதிலேயே இருந்தது. இன்னொன்று படுக்கைப் பெட்டி. அதில் நாலு பேர் படுக்கலாம்.

ஒரு மைல் நீளமுள்ள பாதையில் படுக்கைப் பெட்டி எதற்கு? கண் மூடுவதற்குள் பயணம் முடிந்துவிடுமே! விஷயம் அதுவல்ல. ஒன்றேகால் அடிப் பாதையிலும் மனிதன் உட்காரலாம், உண்ணலாம், உறங்கலாம் என்று காட்டுவதே அவருடைய எண்ணம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கோ அது தினமும் திருவிழா!

பார்த்தார்கள், பாராட்டினார்கள், போனார்கள்

1881-ல் டெர்பி நகரில் ராயல் விவசாயச் சங்கத்தின் பெரிய கண்காட்சி நடந்தது. பண்ணைக்காரர்களும் பிரபுக்களும் வந்து கூடினார்கள். ஆர்தர் தம் ரெயிலை அவர்களுக்குத் திறந்து காட்டினார். அதே ஆண்டில், சின்ன ரெயில் போடும் முறையை விளக்கி ஒரு புத்தகமும் எழுதினார். தாம் கண்டறிந்ததை மறைக்கவில்லை. தண்டவாளத்தின் எடை என்ன, வளைவு எப்படி, பெட்டி எப்படி என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தார். 1894-லும் 1898-லும் அந்தப் புத்தகம் திருத்தப்பட்டு மறுபடி வெளிவந்தது.

வந்தவர்கள் எல்லாம் பெட்டியில் ஏறிப் பார்த்தார்கள். சுரங்கத்துக்குள் போனார்கள். பாலத்தைத் தாண்டினார்கள். பாராட்டினார்கள். வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒருவரும் ரெயில் வாங்கவில்லை. பட்டாளமும் வாங்கவில்லை.

வருஷங்கள் போயின. இருபது வருஷம்! கைப்பணம் செலவாயிற்று. ஆனால் ஆர்தர் பட்டறையை மூடவில்லை.

கடைசியில் ஒருவர் வந்தார்

1894-ல் மீண்டும் பலரை அழைத்துத் தம் ரெயிலைக் காட்டினார். அதன் பலனாக ஒரு பெரிய இடத்திலிருந்து ஆள் வந்தது. செஷையர் ஜில்லாவில் ஈட்டன் ஹால் என்ற மாளிகை இருக்கிறது. அது வெஸ்ட்மினிஸ்டர் டியூக் என்ற பெரும் பணக்காரப் பிரபுவின் வீடு. மாளிகைக்கு மூன்று மைல் தூரத்தில் பால்டர்ட்டன் என்ற ரெயில் நிலையம். அங்கிருந்து நிலக்கரியும் மரமும் செங்கல்லும் கருங்கல் ஜல்லியும் மாளிகைக்கு வந்தாகவேண்டும்.

டியூக் சம்மதித்தார். 1895-ல் ஆர்தர் வேலை தொடங்கினார். 1896-ல் ரெயில் ஓடியது. கிளைப் பாதைகளையும் சேர்த்து மொத்தம் நாலரை மைல் நீளம்.

அந்த ரெயிலுக்காக அவர் செய்த முதல் என்ஜின், டியூக்கின் மனைவி பெயரால் 'கேட்டி' என்று அழைக்கப்பட்டது. பிறகு 1904-ல் 'ஷீலா'வும், 1916-ல் 'அர்சுலா'வும் வந்தன. மூன்றும் டபீல்டு பாங்க் பட்டறையில் செய்தவையே. சரக்கு வண்டிகளோடு, மாளிகைக்கு வரும் விருந்தாளிகளுக்காக மூடிய பெட்டியும் திறந்த பெட்டியும் செய்து கொடுத்தார். சீமான்களும் சீமாட்டிகளும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னப் பெட்டிகளில் ஏறி மாளிகைக்கு வந்தார்கள். அந்த ரெயில் ஐம்பது வருஷம் உழைத்தது.

ஆர்தர் சொன்னது சரி என்று ஈட்டன் ஹால் நிரூபித்தது. ஆனால் இரண்டாவது டியூக் யாரும் வரவில்லை! அவருடைய வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த பெரிய ஆர்டர் அது ஒன்றுதான்.

மணி அடித்தவர்

ஆர்தருக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. அது மாதா கோயில் மணி. இங்கிலாந்தில் கோபுரத்தில் பல மணிகளைக் கட்டி, ஆளுக்கு ஒரு கயிறாகப் பிடித்து, முறை மாற்றி மாற்றி அடிப்பார்கள். அது ஒரு கலை. ஆனால் மணி அடிப்பவர்கள் ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்தார்கள்.

1891-ல் அவர்களை எல்லாம் ஒன்று சேர்த்து ஆர்தர் ஒரு மத்திய சபையை அமைத்தார். சாகும் வரை அதன் தலைவராக இருந்தார். அந்தச் சபை இன்றும் நடக்கிறது. ரெயிலைப் பற்றி ஒன்றும் தெரியாத மணிக்காரர்கள்கூட அவர் பெயரை நன்றியோடு நினைக்கிறார்கள்.

1897-ல் தந்தை இறந்தார். பட்டம் ஆர்தருக்கு வந்தது. சர் ஆர்தர் ஹேவுட் ஆனார். ஆனாலும் பட்டறையை விடவில்லை.

இறந்த பிறகு

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. பிரான்சில் யுத்தகளத்தில் சேறு ஆளை விழுங்கியது. குதிரையும் லாரியும் சேற்றில் சிக்கிக்கொண்டன. பீரங்கிக் குண்டுகளைக் கொண்டுபோக வழி இல்லை. கடைசியில் 1916-ல் பிரிட்டிஷ் பட்டாளம் குட்டி ரெயில் போடத் தீர்மானித்தது. அதன் அகலம் ஆர்தர் சொன்ன பதினைந்து அங்குலம் அல்ல, ஏறக்குறைய இரண்டடி. ஆனால் எண்ணம் என்னவோ, நாற்பது வருஷமாக அவர் சொல்லிக்கொண்டிருந்த எண்ணம்தான்!

அதன் பலனைப் பார்க்க அவர் இல்லை. 1916-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி அவர் காலமானார்.

தோட்டத்து ரெயிலை யுத்த தளவாட இலாகா எடுத்துக்கொண்டது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. சுரங்கங்கள் வெறுமையாயின. பார்த்தவர்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் முடியவில்லை. இங்கிலாந்தின் வடமேற்கே, ராவன்கிளாஸ் என்ற கடலோர ஊரில் ஒரு பழைய ரெயில் பாதை நஷ்டத்தில் மூடிக் கிடந்தது. 1915-ல் சிலர் அதை எடுத்து, அகலத்தைக் குறைத்து, மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த அகலம் பதினைந்து அங்குலம்! டபீல்டு பாங்க் என்ஜின்கள் எல்லாவும் மியூரியலும் அங்கே போய்ச் சேர்ந்தன. ஆர்தர் செய்த சில பெட்டிகளும் போயின. அவருடைய பிள்ளைகள் ஏறிய பெட்டிகளில் ஊர்ப் பிள்ளைகள் ஏறினார்கள்.

1927-ல் மியூரியலைப் புதுப்பித்து, புதிய கொதிகலம் வைத்து, 'ரிவர் இர்ட்' என்று பெயர் மாற்றினார்கள். அடியில் இருப்பது 1894-ல் ஆர்தர் செய்த சட்டம்தான். அந்த என்ஜின் இன்றும் ஓடுகிறது. அதே 1927-ல் தெற்கே கெண்ட் ஜில்லாவில், ராம்னி என்ற இடத்தில், இன்னொரு பதினைந்து அங்குல ரெயில் தொடங்கியது. ஈட்டன் ஹால் ரெயில் நின்றபோது, அதன் சில பெட்டிகள் 1947-ல் ராம்னிக்கு வந்து சேர்ந்தன.

சர் ஆர்தர் ஹேவுட், பண்ணைக்காரன் சாமான் ஏற்றுவதற்கு ரெயில் செய்தார். பண்ணைக்காரனுக்கு லாரி வந்துவிட்டது. பட்டாளத்துக்கென்று ரெயில் செய்தார். பட்டாளம் அதைக் கேட்கவில்லை. ஆனால் தம்பி தங்கைகள் பத்திரமாக ஏறிப்போக வேண்டும் என்று இளம் வயதில் எழுந்த ஆசை வீண் போகவில்லை.

இன்றும் ராவன்கிளாஸ் மலைப் பாதையில் குட்டி ரெயில் ஊதிக்கொண்டு போகிறது. தாய் தந்தையரோடு குழந்தைகள் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். வளைவு வந்ததும், வேடிக்கை பார்க்க எல்லோரும் ஒரே பக்கமாக எட்டிப் பார்க்கிறார்கள்.

பெட்டி சாய்வதில்லை.